சாவியை எடுத்த பிறகும் ஓடும் கரண்ட்: பழைய காரில் பேட்டரி இறங்கும் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். மீட்டர் விளக்குகள் மங்கி அணைந்துவிடும். செல்ஃப் எடுக்காது. வாட்ச்மேனையும் எதிர் வீட்டுப் பையனையும் கூப்பிட்டு, தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டால் வெள்ளிக்கிழமை வரை ஒரு தொல்லையும் இல்லை. அடுத்த திங்கள் மறுபடி அதே 'டக்'. இருபது வயதான என் பெட்ரோல் ஹேட்ச்பேக் இப்படித்தான் இரண்டு மாதம் படுத்தியது. கடையில் "பேட்டரி போயிடுச்சு சார்" என்றார்கள், மாற்றினேன். புதிய பேட்டரியும் மூன்றாவது திங்கட்கிழமை படுத்துவிட்டது. அப்புறம்தான் மீட்டரைக் கையில் எடுத்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

வீட்டில் இ.பி. பில் திடீரென்று எகிறினால் என்ன செய்வோம்? எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு இன்னும் சிமிட்டுகிறதா என்று பார்ப்போம். சிமிட்டினால் எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக இறக்கி, எந்த அறையை இறக்கும்போது சிமிட்டல் நிற்கிறது என்று கவனிப்போம். காரிலும் இதே வேலைதான். எம்.சி.பி.க்குப் பதில் ஃபியூஸ், இ.பி. மீட்டருக்குப் பதில் மல்டிமீட்டர். ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடித்துவிடலாம்.

முதலில் பேட்டரியைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள்

பேட்டரி இறங்க மூன்றே காரணங்கள். பேட்டரிக்கே வயதாகியிருக்கும், அல்லது வண்டி ஓடும்போது சரியாக சார்ஜ் ஏறாது, அல்லது நிற்கும்போது ஏதோ ஒன்று குடித்துக்கொண்டிருக்கும். மூன்றாவதைத் தேடப் போகும் முன் முதல் இரண்டையும் கழித்துவிட வேண்டும்.

இதற்கு மீட்டர்கூட வேண்டாத ஒரு சோதனை உண்டு. பேட்டரி நன்றாக சார்ஜ் ஆகியிருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும். திங்கள் காலை மறுபடி மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். 'விர்' என்று எடுத்தால் பேட்டரி நல்லது, குற்றவாளி வண்டிக்குள்தான் இருக்கிறான். கழற்றி வைத்தும் எடுக்கவில்லை என்றால் பேட்டரிதான் தன் சார்ஜைத் தானே இழக்கிறது, அல்லது முதலிலேயே சார்ஜ் ஏறவில்லை. நான் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் பேட்டரிக் காசு மிச்சமாகியிருக்கும்.

மீட்டர் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வண்டி ஓர் இரவு முழுக்க ஓய்வாக நின்ற பிறகு பேட்டரியின் இரு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். 12.6 அல்லது 12.7 காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே போனால் கால்வாசிகூட இல்லை. 12 வோல்ட் பேட்டரி 12 வோல்ட் காட்டினால் சரிதானே என்று பலர் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் பொய்யாக 13-ஐத் தொட்டு நிற்கும். அது தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் சார்ஜ். காத்திருக்க முடியாவிட்டால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, சற்றுப் பொறுத்து அளக்கலாம்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டு அதே இடத்தில் அளந்தால் 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. ஃபேன் எல்லாம் போட்டு ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் 13.5-ஐ விட்டு இறங்கக் கூடாது. இறங்கினால், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்ட்டர்னேட்டரையோ அதைச் சுற்றும் பெல்ட்டையோ பாருங்கள். நம் மெக்கானிக்குகள் பலர் இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். பெயரில் என்ன, சார்ஜ் ஏறினால் சரி.

இன்னொரு சின்ன விஷயம். பேட்டரியின் மேற்பரப்பில் தூசியும் ஆசிட் ஈரமும் சேர்ந்து ஒரு படலமாக இருந்தால் அதன் வழியாகவே கொஞ்சம் கரண்ட் கசியும். மீட்டரை வோல்ட்டில் வைத்து கருப்பு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும், சிவப்பு முனையை பேட்டரியின் பிளாஸ்டிக் மூடி மேலும் வைத்து நகர்த்திப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா தண்ணீர் செல்லுக்குள் போய்விடக் கூடாது.

எவ்வளவு குடித்தால் தப்பு?

எல்லாக் காரும் நிற்கும்போது கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். கடிகாரம், ஸ்டீரியோவின் நினைவு, எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவு, சென்ட்ரல் லாக் பெட்டி, ஒவ்வொன்றும் சில மில்லி ஆம்பியர். பழைய வண்டியில் எல்லாம் சேர்ந்து 20, 30 மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும். 50 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் தேட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று புரியும். சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும், அதாவது ஓர் ஆம்பியர் வீதம் சுமார் 35 மணி நேரம் கொடுக்கும் அளவு. அதில் பாதி தீர்ந்தாலே, வயதான பேட்டரியாக இருந்தால், செல்ஃப் திணற ஆரம்பிக்கும். ஆக நம் கையில் இருப்பது சுமார் 17 ஆம்பியர்-மணி. 50 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, இரண்டு வாரம் தாங்கும். டிக்கி விளக்கில் இருக்கும் 5 வாட் பல்பு ஒன்று அணையாமல் எரிந்தால் 0.4 ஆம்பியர், ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர்-மணி. இரண்டு நாளுக்குள் கதை முடிந்துவிடும். பிரேக் லைட் இரண்டும் எரிந்துகொண்டே இருந்தால் 42 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். இரவு நிறுத்திவிட்டுப் போனால் காலையில் வண்டி பிணம்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டும் பார்க்கலாம். என் வண்டி தினமும் ஓடும்போது தொல்லை தரவில்லை, இரண்டரை நாள் நின்றால் மட்டும் படுத்தது. அப்படியானால் குடிப்பது 0.3 முதல் 0.5 ஆம்பியர் இருக்க வேண்டும் என்று மீட்டரைத் தொடும் முன்பே ஊகிக்க முடிந்தது. உங்கள் வண்டி எத்தனை நாளில் படுக்கிறது என்பதை முதலில் எழுதிவையுங்கள். எவ்வளவு பெரிய கசிவைத் தேடுகிறோம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

என்னென்ன வேண்டும்

10 ஆம்பியர் டி.சி. அளக்கக்கூடிய ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். மின்சாதனக் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரே போதும். முதலைக் கிளிப் மாட்டிய இரண்டு மூன்று வயர்கள். ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, அதன் இரு முனைகளிலும் வயர் பற்றவைத்தது. ஸ்பேனர், இன்சுலேஷன் டேப், ஃபியூஸ் பிடுங்கும் பிளாஸ்டிக் கிளிப், ஒரு பேப்பர், பேனா. பேப்பர் பேனாவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எந்த ஃபியூஸைப் பிடுங்கியபோது எவ்வளவு இருந்தது என்று எழுதாமல் செய்தால் பத்தாவது ஃபியூஸில் தலை சுற்றிவிடும்.

கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு வயரிங் பார்க்கும் சாதாரண கிளாம்ப் ஏ.சி. மட்டும்தான் அளக்கும். காருக்கு டி.சி. அளக்கும் கிளாம்ப் வேண்டும், அதுவும் 10 மில்லி ஆம்பியர் வரை பிரித்துக் காட்டக்கூடியது. அப்படி ஒன்று இருந்தால் டெர்மினலைக் கழற்றாமலே வேலை நடக்கும்.

பேட்டரிப் பக்கம் போகும் முன் மோதிரம், கைச்செயின், உலோகப் பட்டை வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பாசிட்டிவுக்கும் பாடிக்கும் இடையில் ஒரு மோதிரம் மாட்டினால் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

வண்டியைத் தூங்க வைப்பது

எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்குள் வைக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது சில சென்ட்ரல் லாக் பெட்டிகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். டிரைவர் பக்கக் கண்ணாடியையும் இறக்கியே வையுங்கள்.

பானெட்டைத் திறந்து வையுங்கள். அதில் விளக்கு இருந்தால் பல்பைக் கழற்றிவிடுங்கள். ஃபியூஸ் பெட்டி பெரும்பாலும் ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் என்பதால் டிரைவர் கதவும் திறந்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் மேல் விளக்கு எரியும், அது அளவைக் கெடுக்கும். பழைய வண்டிகளில் கதவுச் சட்டத்தில் ரப்பர் உறை போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை உள்ளே அழுத்தி டேப் ஒட்டிவிட்டால் கதவு மூடியிருப்பதாக வண்டி நம்பிவிடும். ஃபியூஸ் பெட்டி மூடியை இப்போதே திறந்து, எல்லா ஃபியூஸும் தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மீட்டரை மாட்டுவது

பாசிட்டிவைத் தொடவே வேண்டாம், எல்லா வேலையும் நெகட்டிவ் பக்கத்தில்தான். காரணம் எளிது. நெகட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒன்றுதான். பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் வாணவேடிக்கைதான்.

நெகட்டிவ் வயரைக் கழற்றியதும் முதலில் மீட்டரை வைக்காதீர்கள். அந்த 21 வாட் பல்பை வையுங்கள், ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், மறு முனை கழற்றிய வயரில். பல்பு பளிச்சென்று எரிந்தால் ஆம்பியர் கணக்கில் ஏதோ ஓடுகிறது, ஒரு விளக்கு எங்கோ எரிகிறது அல்லது எங்கோ ஷார்ட். மங்கலாகச் சிவந்தால் அரை ஆம்பியர் அளவு. ஒன்றுமே தெரியாவிட்டால் கசிவு சின்னது, மீட்டர்தான் சொல்ல வேண்டும். பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் மீட்டரே இல்லாமல் இந்தப் பல்பை வைத்தே ஃபியூஸ் ஃபியூஸாகப் பிடுங்கிக் கண்டுபிடிப்பார்கள். பெரிய கசிவுக்கு அதுவே போதும். மீட்டரையும் அது காப்பாற்றும்.

இப்போது மீட்டர். சிவப்பு வயரை 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் தனித் துளையில் செருகி, குமிழை டி.சி. 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். கருப்பு வயர் COM (காம்) என்று போட்டிருக்கும் துளையில். சிவப்பு முனையைக் கழற்றிய நெகட்டிவ் வயரிலும் கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் கிளிப் போட்டு மாட்டினால் அளவு நேராக வரும். மாற்றி மாட்டினால் கழித்தல் குறி வரும், அதனால் தப்பில்லை.

200 மில்லி ஆம்பியர் அளவுக்குப் போக ஆசைப்படாதீர்கள். கதவு ஒரு தடவை திறந்து மேல் விளக்கு எரிந்தால் போதும், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். 10 ஆம்பியர் அளவில் 0.01 என்றால் 10 மில்லி ஆம்பியர். நம் வேலைக்கு அது தாராளம். மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் பத்து நொடிக்கு மேல் வைக்காதே என்று எழுதியிருப்பார்கள். அது முழுப் பத்து ஆம்பியர் ஓடும்போதுதான். அரை ஆம்பியர் எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடாகாது.

மீட்டர் மாட்டியிருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் செல்ஃப் அடிக்காதீர்கள். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டர் கருகிவிடும். சாவி சட்டைப் பையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேலை நேரத்தில் சாவியை வேறு யார் கையிலும் கொடுக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

மாட்டிய உடனே வரும் எண்ணை நம்ப வேண்டாம். பேட்டரி இணைப்பு போய்த் திரும்பியதால் சென்ட்ரல் லாக், ஸ்டீரியோ எல்லாம் விழித்துக்கொண்டிருக்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பழைய வண்டிக்குப் பத்து நிமிடம் போதும், எலக்ட்ரானிக்ஸ் கூடுதலாக இருந்தால் அரை மணி. எண் இறங்கி ஓரிடத்தில் நிற்கும், அதை எழுதுங்கள். என் வண்டியில் முதலில் 0.9 காட்டி, பிறகு 0.41-ல் நின்றது. ஊகம் சரிதான்.

நடுவில் கிளிப் நழுவினால் எல்லாம் மறுபடி விழித்துக்கொள்ளும், மறுபடி காத்திருக்க வேண்டும். அதனால் மீட்டரைத் தொட வேண்டியிருந்தால் முதலில் இன்னொரு வயரை நெகட்டிவ் கம்பத்துக்கும் கழற்றிய வயருக்கும் இடையில் பாலமாகக் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். மீட்டர் வேலை முடிந்ததும் பாலத்தை எடுத்தால் போதும்.

ஃபியூஸ் ஃபியூஸாக

ஒரு ஃபியூஸைப் பிடுங்கு, மீட்டரைப் பார், எழுது, அடுத்தது. எண் குறையவில்லை என்றால் அந்த ஃபியூஸை உடனே திருப்பிச் செருகாமல் படத்தில் இருக்கும் வரிசைப்படி ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். திருப்பிச் செருகும்போது அந்தச் சுற்றில் இருப்பது விழித்துக்கொண்டு எண்ணை ஏற்றிக் குழப்பும். உள்ளே இருக்கும் பெட்டி முடிந்ததும் பானெட்டுக்குள் இருக்கும் பெட்டி. ஒருவரே இரண்டு பக்கமும் ஓட வேண்டாம். மீட்டரைப் பார்த்து எண்ணைச் சத்தமாகச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்துங்கள், அவர்களுக்கும் இது விளையாட்டுதான்.

ஃபியூஸைப் பிடுங்காமலே பார்க்கும் வழி ஒன்று இருக்கிறது, எனக்கு இதுதான் பிடிக்கும். இப்போது நாம் பார்க்கும் தட்டை ஃபியூஸ்களின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மீட்டரை டி.சி. 200 மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். கரண்ட் ஓடாத ஃபியூஸில் பூஜ்யம். ஓடினால் அதன் மிகச் சிறிய மின்தடையால் ஒரு சின்ன வோல்ட் தெரியும். 10 ஆம்பியர் ஃபியூஸில் 0.1 மில்லிவோல்ட் என்றால் ஏறத்தாழ 13 மில்லி ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸில் அதே 0.1 சுமார் 20. இருபது ஆம்பியர் ஃபியூஸில் சுமார் 30. பேட்டரியை மாட்டியபடியே, எதையும் எழுப்பாமல், இரண்டு நிமிடத்தில் மொத்தப் பெட்டியையும் பார்த்துவிடலாம். ஆரம்பிக்கும் முன் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மலிவு மீட்டர் சில நேரம் 0.1 காட்டும். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இருக்கும் பழைய அம்பாசிடர் மாதிரி வண்டிகளிலும் இரு முனைத் தொப்பிகளைத் தொட்டு இதைச் செய்யலாம். ஆனால் அங்கே பிடியில் களிம்பு ஏறியிருக்கும், தொப்பியைத் தேய்த்துவிட்டுத் தொடுங்கள்.

என் வண்டியில் ஏழாவது ஃபியூஸ். பிடுங்கியதும் 0.41 சட்டென்று 0.08-க்கு இறங்கியது. மூடியில் இருந்த படத்தைப் பார்த்தால் ஸ்டீரியோ, கடிகாரம், மேல் விளக்கு மூன்றுக்கும் அந்த ஒரே ஃபியூஸ். ஃபியூஸ் ஒரு தெருவைத்தான் காட்டும், வீட்டைக் காட்டாது. ஃபியூஸைத் திருப்பி மாட்டிவிட்டு, அதிலிருந்து போகும் பொருட்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். மேல் விளக்கின் பல்பைக் கழற்றினேன், மாற்றமில்லை. ஸ்டீரியோவை வெளியே இழுத்து அதன் பின்பக்கக் கனெக்டரைப் பிடுங்கினேன், 0.08.

பின்பக்கம் பார்த்தால் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. மஞ்சள் எப்போதும் பேட்டரி, நினைவுக்காக. சிவப்பு சாவியோடு வர வேண்டியது, ஸ்டீரியோவை எழுப்புவதற்காக. இரண்டையும் சேர்த்துவிட்டால் முன்பக்கப் பொத்தானை அழுத்தித் திரையை அணைத்தாலும் உள்ளே அது தூங்குவதில்லை. யார் இப்படிச் செய்தது என்று திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாட்டிய பையனிடம், "ஸ்டேஷன்ல காத்திருக்கும்போது சாவி போடாமலே பாட்டு கேட்கணும் தம்பி" என்று சொன்னது நான்தான்.

அதோடு விட்டுவிடாதீர்கள்

பலர் இங்கே சந்தோஷமாகக் கையைக் கழுவிவிடுவார்கள். 0.41 எங்கே, 0.08 எங்கே! ஆனால் 80 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர்-மணி. வாரக் கடைசி தாங்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒன்பது பத்து நாள் கழித்துத் திரும்பினால் மறுபடி 'டக்'. எண் 0.03-க்கு வரும் வரை தேடல் முடியவில்லை.

மீதி எல்லா ஃபியூஸையும் பிடுங்கிவிட்டேன். 0.06. அப்படியானால் ஃபியூஸ் பெட்டிக்கு வெளியே, பேட்டரியிலிருந்து நேராகப் போகும் ஏதோ ஒன்று குடிக்கிறது. அதில் இரண்டு பேர் எல்லா வண்டியிலும் உண்டு. ஒன்று செல்ஃப் மோட்டார், இது நிற்கும்போது குடிப்பது அபூர்வம். இன்னொன்று ஆல்ட்டர்னேட்டர். அதற்குள் இருக்கும் டயோடுகள் கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டும். ஒன்று பழுதானால் பேட்டரியிலிருந்து திருப்பி ஓடும். கசிவு பெரிதாக இருந்தால் இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ஆல்ட்டர்னேட்டரைத் தொட்டால் லேசாகச் சூடு தெரியும். உறுதி செய்ய, நெகட்டிவைக் கழற்றிய நிலையில் ஆல்ட்டர்னேட்டரின் பின்னால் நட்டு போட்டு இறுக்கியிருக்கும் தடித்த வயரைக் கழற்றி, அதன் முனையில் டேப் சுற்றி, பாடியில் படாமல் ஒதுக்கிவிட்டு மீட்டரை மறுபடி மாட்டுங்கள். எண் விழுந்தால் அதுதான். அந்த வயர் கழன்றிருக்கும்போது எஞ்சினை ஓட்டக் கூடாது. ஆல்ட்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய, உண்மையான டைனமோ வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதே இடத்தில் கட்-அவுட் ரிலே, அதாவது சார்ஜ் ஏறும்போது மட்டும் டைனமோவைப் பேட்டரியோடு சேர்க்கும் மின்காந்த சுவிட்ச். அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் பேட்டரி முழுவதும் டைனமோ வழியாகவே வடிந்துவிடும்.

எனக்கு ஆல்ட்டர்னேட்டர் நல்லபடியாக இருந்தது. கண்டுபிடித்தது கண்ணால்தான். பாசிட்டிவ் டெர்மினலில், தடித்த வயர்களுக்கு அடியில், மெல்லிய சிவப்பு வயர் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டே போனால் டேஷ்போர்டுக்கு அடியில் தீப்பெட்டிக் கட்டு அளவுக்கு ஒரு கருப்புப் பெட்டி. எனக்கு முன்பு வண்டி வைத்திருந்தவர் மாட்டிய திருட்டு அலாரம். சைரன் எப்போதோ கழன்றுபோய்விட்டது, ரிமோட்டை நான் பார்த்ததே இல்லை. பெட்டி மட்டும் வருடக் கணக்காக விழித்துக் காவல் காத்திருக்கிறது. கழற்றியதும், எல்லா ஃபியூஸும் ஸ்டீரியோவும் திரும்ப மாட்டிய நிலையில், 0.02. அலாரப் பெட்டியைப் பிடுங்கும்போது ஓர் எச்சரிக்கை: அது பெரும்பாலும் இக்னிஷன் வயரையோ பெட்ரோல் பம்ப் வயரையோ வெட்டி நடுவில் புகுந்திருக்கும். வெட்டிய முனைகளைச் சரியாகச் சேர்த்து சால்டர் வைக்காவிட்டால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த ஒரு வேலைக்கு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

எங்கே முதலில் தேடலாம்

பழைய வண்டிகளில் கம்பெனி போட்ட வயரிங் பெரும்பாலும் குற்றமற்றது. பிறகு மனிதக் கைகள் சேர்த்ததில்தான் முக்கால்வாசித் தொல்லை. டிக்கியில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அதை எழுப்பும் நீல நிற ரிமோட் வயரை நேராக பேட்டரியோடு சேர்த்திருக்கிறார்களா பாருங்கள். செல்போன் சார்ஜர், டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். டிராக்கர், டேஷ்போர்டுப் பிள்ளையாருக்குப் போட்ட எல்.இ.டி. மாலை, இவையெல்லாம் சாவிக்குப் பிறகு வரும் வயரில் சேர வேண்டியவை. எது கைக்கு எட்டியதோ அதில் சேர்த்துவிட்டுப் போயிருப்பார்கள். இரட்டை ஹாரனுக்கும் கூடுதல் வாட் ஹெட்லைட்டுக்கும் போட்ட ரிலேயின் காயிலுக்கு (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) சாவியை எடுத்த பிறகும் கரண்ட் போய்க்கொண்டிருந்தால் அந்தக் காயில் மட்டுமே நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கும். வண்டி நின்று வெகு நேரம் ஆன பிறகும் கைக்குச் சூடாக இருக்கும் ரிலேதான் அந்த ஆள்.

வண்டியோடு வந்தவற்றில் பிரேக் பெடல் சுவிட்சைக் கவனியுங்கள். பெடலில் அந்த சுவிட்சை அழுத்தும் இடத்தில் காசளவு ரப்பர் துண்டு ஒன்று இருக்கும். வயதானால் பொடிந்து உதிர்ந்துவிடும், சுவிட்ச் ஓட்டை வழியாக வெளியே நீண்டுகொள்ளும், பிரேக் லைட் அணையவே அணையாது. கால் வைக்கும் இடத்தில் ரப்பர் துணுக்குகள் கிடந்தால் இதுதான். டிக்கி விளக்கும் ஆர்.சி. புக் வைக்கும் பெட்டியின் விளக்கும் மூடிய பிறகு அணைகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. செல்போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடி, எடுத்துப் பாருங்கள். படம் இருட்டாக வர வேண்டும்.

சில நாள் மட்டும் இறங்குகிறது, மற்ற நாள் இல்லை என்றால் அது வேறு ரகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் தொல்லை என்றால் ஃபாக் லாம்ப் கனெக்டர், பின்விளக்கு ஹோல்டர் இவற்றில் பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். அடுக்குமாடி பார்க்கிங்கில் நிற்கும் வண்டி என்றால் எலி. உறையைக் கடித்துத் தின்ற இரண்டு வயர்கள், வண்டி நிற்கும் கோணத்தைப் பொறுத்து ஒட்டும், விலகும். இந்த மாதிரி கசிவைப் பிடிக்க, மீட்டரை மாட்டியபடியே வயரிங் கட்டுகளை ஒவ்வோர் இடமாக ஆட்டி, கதவுகளைத் திறந்து மூடி, எண் எப்போது குதிக்கிறது என்று பார்ப்பதைத் தவிர குறுக்கு வழி இல்லை. பொறுமை வேண்டும்.

சரிசெய்த பிறகு

ஸ்டீரியோவின் சிவப்பு வயரைப் பிரித்து, சாவியின் முதல் திருப்பத்தில் உயிர் வரும் வயரில் சேர்த்தேன். ஸ்டேஷனில் காத்திருக்கும்போது சாவியை ஒரு திருப்பு திருப்பினால் பாட்டு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். பிடுங்கிய ஃபியூஸ்களைப் படத்தைப் பார்த்து அதே ஆம்பியரில் திருப்பி மாட்டுங்கள். கதவுப் பொத்தானில் ஒட்டிய டேப்பை மறக்காமல் எடுங்கள். நெகட்டிவ் டெர்மினலை அசையாமல் இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். கடிகாரமும் ஸ்டீரியோவில் வைத்த ஸ்டேஷன்களும் போயிருக்கும். பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியாக இருந்தால் முதல் ஒன்றிரண்டு நாள் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கலாம், தானே சரியாகும்.

ஏற்கெனவே பல தடவை அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரியை ஆல்ட்டர்னேட்டரை நம்பி விட்டுவிட வேண்டாம். பத்து நிமிட ஆபீஸ் ஓட்டத்தில் அது முழுசாக ஏறாது. பேட்டரிக் கடையில் கொடுத்து ஓர் இரவு மெதுவாக சார்ஜ் போடுங்கள். திறந்து ஊற்றும் வகையாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வண்டியை இரண்டு நாள் நிறுத்தி, நிறுத்தும் முன்பும் பின்பும் ஓய்வு நிலை வோல்ட்டை எழுதுங்கள். என் பேப்பரில் வெள்ளி இரவு 12.65, திங்கள் காலை 12.61. அந்தப் பேப்பரை ஆர்.சி. புக்கோடு மடித்து வைத்திருக்கிறேன், அடுத்து இந்த வண்டியில் யார் எதை மாட்டினாலும் ஒப்பிட்டுப் பார்க்க.